காணித்துண்டுகளாய்ப் பிறந்த மாநகர்

1966ஆம் ஆண்டிலே பீற்றர் ஹோல் என்னும் ஆங்கிலேயப் புவியியலறிஞர் உலக நகரங்கள் பற்றி நூலொன்றை வெளியிட்டார். லண்டன், பாரிஸ், மொஸ்கோ, நியூயோர்க், டோக்கியோ ஆகிய ஐந்தோடு ஒல்லாந்தின் நகரத்தொகுதியையும் ஜேர்மனியின் றைன்-றூர் கைத்தொழிற் பிரதேசத்தையும் சேர்த்து ஏழு இடங்களுக்கே அவர் அப்பெயரை அளித்தார். அக்காலத்தில் லொஸ் ஏஞ்சல்ஸ், ஐக்கிய அமெரிக்காவின் பெருநகரங்களுள் மூன்றாவதாக வைத்தெண்ணப்பட்டது. உலகின் மூலைமுடுக்கெல்லாம் அந்நகரிலே உருவான படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. எனினும் ஹோலின் ஏழில் அதற்கு இடமில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 1986இல், ஜோன் பிரீட்மன் என்பார் உலக நகரம் பற்றிய தமது கருதுகோளை வெளியிட்டபோது லொஸ் ஏஞ்சல்ஸ் முதல் வரிசையிலேயே அமர்ந்திருந்தது.

இந்த இருபது ஆண்டுகளிலே மாறியது நகரமா, அன்றி அளவுகோலா? இரண்டுமே மாறின என்று சொல்லித் தப்பிவிடலாம். ஆயின் பெரிதும் மாறியது அளவுகோலே. ஹோல் அரசியல் அதிகாரம், வணிகம், கல்வி, கலை, மக்கட்பெருக்கம் ஆகியவற்றை ஒருங்கே நோக்கினார். பிரீட்மனோ மூலதனத்தை நோக்கினார். உலகப் பொருளாதாரத்தை நடத்தும் கட்டளைகள் எந்நகரிலிருந்து பிறக்கின்றன, கம்பனிகளும் வங்கிகளும் எங்கே குவிகின்றன என்பனவே அவர் எழுப்பிய வினாக்கள். முதலாவது அளவையிலே தோற்ற நகரம் இரண்டாவதிலே வென்றது. (உலக நகரம் என்ற தொடரை 1915இலேயே எடுத்தாண்டவர் பட்ரிக் கெடிஸ். 1921இல் கொழும்புக்கு நகரத்திட்டம் வகுத்தளித்தவரும் அவரே. ஆகவே நமக்கு அவர் முற்றிலும் அந்நியரல்லர்.)

நகரத்தைக் காண வருவோர் இந்த அளவைகளையெல்லாம் கையிலெடுத்துக்கொண்டு வருவதில்லை. அவர்கள் தேடுவது ஓர் உணர்வை. விமானத்திலிருந்து இறங்கி, வண்டியிலேறி, ஒரு மணிநேரம் ஓடியபின்னும் நகரம் எங்கே தொடங்குகிறது என்பது புலப்படாதபோது அவர்கள் ஏமாற்றமடைகின்றனர். நடுவில்லை, நடையில்லை, சந்தியில்லை. இதனை உலக நகரமென்று எவ்வாறு கொள்வது? நகரொன்றைத் தேடியலையும் புறநகர்க் கூட்டம் என்று லொஸ் ஏஞ்சல்ஸை நெடுங்காலமாக எள்ளி வந்திருக்கின்றனர். சங்க இலக்கியங் கற்ற நமக்கும் இவ்வெள்ளல் நியாயமாகவே தோன்றும். மதுரைக்காஞ்சி காட்டும் மதுரை, காலால் நடந்து காணப்பட்ட நகரம். பகலங்காடியும் இரவங்காடியும் ஒன்றன்பின் ஒன்றாக அங்கே விரிகின்றன. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தின் பெருமையைக் கூறவந்தபோது, மாட மாளிகைகளோடு நின்றுவிடாது, வேற்றுமொழி பேசும் பல தேயத்தார் கலந்து உறைந்தமையையும் எடுத்துரைத்தது. உலக நகரத்துக்கு இதனிலும் சிறந்த இலக்கணம் எனக்குத் தெரியாது. இந்த இலக்கணத்தைக் கொண்டே லொஸ் ஏஞ்சல்ஸை அளந்து பார்ப்போம். ஆயின் அதற்குமுன் அந்நகரம் இவ்வாறு சிதறியது எவ்வாறு என்பதனை வரலாற்றிலே தேடுதல் வேண்டும்.

மோட்டார் வண்டிதான் அதனைச் சிதறடித்தது என்பது பொதுவான விடை. அது பிழையான விடை.

1781 செப்டெம்பரில் ஸ்பானிய ஆட்சியாளர் அங்கு குடியேற்றியோர் 44 பேர். சொனோரா, சினலோவா ஆகிய மெக்சிக்கப் பகுதிகளிலிருந்து வந்த பதினொரு குடும்பங்கள் அவை. அவர்களுள் அரைவாசிக்கு மேற்பட்டோர் ஆபிரிக்க வழித்தோன்றல்கள். தொங்வா என்னும் பழங்குடியினரின் யாங்கா என்ற ஊருக்கு அண்மையிலே இக்குடியேற்றம் அமைந்தது. ஸ்பானிய வழக்கப்படி அதன் நடுவே ஒரு சதுக்கமும் இருந்தது. எனவே நடுவில்லாது பிறந்த நகரமன்று அது. 1848இல் கலிபோர்ணியா ஐக்கிய அமெரிக்காவின் கைக்கு மாறியபின், புதிதாக வந்த செல்வர் அச்சதுக்கத்தை மெக்சிக்கருக்கும் சீனருக்கும் விட்டுவிட்டுத் தெற்கும் மேற்குமாக நகர்ந்தனர். 1871 ஒக்ரோபரில் அச்சதுக்கத்தின் அருகே ஒரு வெறிக்கும்பல் ஏறத்தாழ 20 சீனரை ஒரே இரவிற் கொன்றது. பின்னர், 1930களில், புகையிரத நிலையம் கட்டுவதற்காகச் சீனர் குடியிருப்பே இடித்தகற்றப்பட்டது. நடுவை இழந்த நகரம் என்பதைவிட, நடுவிலே வாழ்ந்தோரைக் கைவிட்ட நகரம் என்பதே பொருந்தும்.

1876இலும் 1885இலும் இரு புகையிரதக் கம்பனிகள் அங்கே வந்து சேர்ந்தன. அவற்றின் போட்டியினால் 1887இல் ஒருநாள் கன்சாஸ் நகரிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸுக்கான கட்டணம் 1 டொலருக்கு இறங்கியது. கம்பனிகள் நட்டத்திலே ஆளேற்றியது ஏன்? வந்திறங்குவோருக்கு விற்பதற்குக் காணி இருந்தது. வாத்திய முழக்கத்தோடும் இலவசச் சாப்பாட்டோடும் காணித்துண்டுகள் ஏலத்தில் விற்கப்பட்டன. 1880இல் 11,183 ஆக இருந்த குடிசனத்தொகை 1890இல் 50,395 ஆயிற்று. விளைபொருளும் தொழிற்சாலையும் பின்னர் வந்தவை. நகரத்தின் முதற் கைத்தொழில் காணி வியாபாரமே.

இவ்வியாபாரத்தை ஒரு சாத்திரமாகவே ஆக்கியவர் ஹென்றி ஹன்ரிங்டன். 1901இல் அவர் பசிபிக் எலெக்ரிக் கம்பனியை நிறுவினார். அதன் சிவப்பு நிற மின்சார வண்டிகள் உச்சக்கட்டத்தில் ஏறத்தாழ 1,000 மைல் தண்டவாளத்தில் ஓடின. கடற்கரை, மலையடிவாரம், தோடைத் தோட்டம் எங்கும் அவை சென்றன. உலகத்தின் மிகப் பெரிய நகரிடை மின்வண்டிச் சேவைகளுள் ஒன்று அது. மோட்டார் வண்டியை வெறுப்போர் இன்று அதனைப் பொற்காலமாக நினைத்து ஏங்குவர். ஆயின் ஹன்ரிங்டனின் இன்னொரு கம்பனி காணிக் கம்பனி என்பதனை நாம் மறந்துவிடலாகாது. வெறும் வயலூடாகத் தண்டவாளம் இடுவது, வயலைத் துண்டுதுண்டாக விற்பது, அடுத்த வயலுக்கு நகர்வது, இதுவே முறை. பயணச்சீட்டிலே நட்டம் வந்தாலும் காணியிலே இலாபம் வந்தது. ஆகவே நகரத்தைப் பல மைல் தூரத்துக்கு நீட்டி இழுத்தது மோட்டார் வண்டியன்று, ட்ராம் வண்டியே. சரியாகச் சொன்னால், ட்ராம் வண்டியின் பின்னே நின்ற நிலமூலதனம். பின்னாளில் அதிவேக வீதிகள் பல, பழைய சிவப்பு வண்டி சென்ற திசைகளிலேயே சென்றன.

அத்தண்டவாளங்களை இட்டோர் யார் என்பதும் வரலாற்றின் ஒரு பகுதிதானே. 1903 ஏப்ரலிலே நூற்றுக்கணக்கான மெக்சிக்கத் தொழிலாளர் கூலி உயர்வு கோரி வேலைநிறுத்தஞ் செய்தனர். ஹன்ரிங்டன் வேற்றினத் தொழிலாளரைக் கொண்டுவந்து அதனை முறியடித்தார். அவர் சேர்த்த நூல்களும் ஓவியங்களும் இன்று அவர் பெயர் தாங்கிய புகழ்பெற்ற நூலகத்தில் உள்ளன. ஆராய்ச்சியாளர்க்கு அது அரும்பயன் தருவது. அதனை நான் மறுக்கவில்லை.

தண்ணீரின் கதையும் இதுவே. 233 மைல் தொலைவிலுள்ள ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் நீர் 1913இல் வாய்க்கால்வழி கொண்டுவரப்பட்டது. அந்நீர் வந்து சேரும் சான் பெர்னாண்டோ சமவெளியிலே காணியை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தவர்களுள் ஹன்ரிங்டனும் நகரின் பெரும் பத்திரிகை முதலாளியும் அடங்குவர். 1915இல் அச்சமவெளி நகரத்தோடு இணைக்கப்பட்டது. நகரத்தின் பரப்பு இரட்டிப்பாயிற்று.

காணி விற்றுத் தீர்ந்தபின் தண்டவாளத்தைப் பேணுவதிலே எவருக்கு அக்கறை? 1910இலேயே ஹன்ரிங்டன் பசிபிக் எலெக்ரிக்கைக் கைமாற்றிவிட்டார். வண்டிகள் பழையனவாயின; நெரிசல் மிகுந்தது; மக்கள் கம்பனியை மனமார வெறுத்தனர். 1920களின் நடுப்பகுதியில் அங்கே ஏறத்தாழ மூவருக்கொரு மோட்டார் வண்டி இருந்தது. வேறெந்தப் பெருநகரிலும் அந்நாளிற் காணாத நிலை இது. 1920 ஏப்ரலில் நகரசபை ட்ராம் வண்டிகளுக்கு வழிவிடும் பொருட்டு நகர மத்தியிலே பகல் வேளையில் மோட்டார் வண்டி நிறுத்துவதைத் தடைசெய்தது. வணிகர் கொதித்தெழுந்தனர், திரைப்பட நடிகை ஒருவர் தலைமையிலே எதிர்ப்பு ஊர்வலமும் நடந்தது. சில வாரங்களுள் தடை தளர்த்தப்பட்டது.

இவ்விடத்திலே இடதுசாரிகளாகிய நாம் விரும்பிச் சொல்லும் ஒரு கதையைக் குறித்துச் சில வார்த்தை கூறவேண்டும். ஜெனரல் மோட்டோர்ஸ், பயர்ஸ்ரோன் முதலிய கம்பனிகள் சதிசெய்து ட்ராம் வண்டிகளை ஒழித்தன என்பதே அக்கதை. வகுப்பறையிலே சொல்வதற்கு மிக எளிதானது, நானும் சொல்லியிருக்கிறேன். அது வெறுங் கற்பனையன்று. அவை பணம் முதலிட்ட நஷனல் சிற்றி லைன்ஸ் என்ற கம்பனி, 1940களின் நடுப்பகுதியில் நகருக்குள் ஓடிய மஞ்சள் ட்ராம் சேவையை வாங்கியது. 1949இல் சிக்காகோ நீதிமன்றத்திலே, பஸ் வண்டியும் உதிரிப்பொருளும் விற்பதில் ஏகபோகம் பெறச் சதிசெய்த குற்றம் நிரூபிக்கப்பட்டது. தண்டம் கம்பனிக்கு 5,000 டொலர். அதிகாரிகளுக்குத் தலைக்கு 1 டொலர்! முதலாளித்துவ நீதியை விளக்க இதனிலும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. ஆயின் சிவப்பு வண்டிகளின் வீழ்ச்சி அதற்குக் கால் நூற்றாண்டு முன்னரே தொடங்கிவிட்டது. சிலரின் சதியாக வரலாற்றைக் கூறும்போது, அச்சதி இல்லாவிட்டால் எல்லாம் நன்றாயிருந்திருக்கும் என்ற மயக்கம் பிறக்கிறது. காணித்துண்டை விற்பதற்காகவே போக்குவரத்தை அமைக்கும் ஒரு முறைமையிலே, தீயோர் ஒருவருமின்றியே இம்முடிவு வந்திருக்கும்.

இன்னொன்றையும் நேர்மையோடு ஒப்புக்கொள்ளல் வேண்டும். சிறு வீடு, சிறு முற்றம், ஒரு பழமரம் என்பன தொழிலாளிக்கும் ஆசையே. நியூயோர்க்கின் காற்றுப்புகா அடுக்குவீடுகளிலிருந்து தப்பிவந்தோர் அவ்வாசையை நிறைவேற்றிக்கொண்டதை ஏளனஞ் செய்ய எவருக்கும் உரிமையில்லை. குற்றம் ஆசையிலன்று, அது யாருக்கு மறுக்கப்பட்டது என்பதிலேயே உண்டு. காணி உறுதிகளிலே, இக்காணியை வெள்ளையரல்லாதார்க்கு விற்றலாகாது என்ற நிபந்தனை எழுதப்பட்டது. 1948இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்த முடியாதெனத் தீர்ப்பளிக்கும்வரை அவை செல்லுபடியாயின. ஒஸ்கார் விருது பெற்ற முதற் கறுப்பு நடிகையான ஹற்றி மக்டானியலும் அயலவரும், 'சுகர் ஹில்' என்ற பகுதியிலே தம் வீடுகளில் வாழும் உரிமைக்காக வழக்காடி 1945இல் வென்றனர். இருபது ஆண்டு செல்லுமுன் சான்ரா மொனிக்கா அதிவேக வீதி அப்பகுதியை ஊடறுத்துச் சென்றது.

முதலாவது அதிவேக வீதி 1940 டிசம்பரிலே பசடீனாவுக்குத் திறக்கப்பட்டது. போருக்குப்பின் அவை பெருகின. மெக்சிக்கர், யூதர், ஜப்பானியர், ரஷ்யர் எனப் பலரும் அடுத்தடுத்து வாழ்ந்த போயில் ஹைட்ஸ் பகுதியைச் சுற்றிலும் ஊடாகவும் ஐந்து அதிவேக வீதிகள் போடப்பட்டன. பெவர்லி ஹில்ஸ் ஊடாகச் செல்லவிருந்த வீதியோ போடப்படவில்லை. 1975இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. வீதிப் படத்தை வர்க்கப் படமாக வாசிப்பதற்குப் பெரிய கல்வி தேவையில்லை.

சாவேஸ் பள்ளத்தாக்கின் கதை இவற்றுள் மிகவும் கசப்பானது. நகர மத்திக்கு அருகே மலையிடுக்கிலே மெக்சிக்க அமெரிக்கரின் மூன்று சிற்றூர்கள் இருந்தன. 1950இலே, அரசாங்கக் குறைந்த வாடகை வீடுகள் கட்டப்படும், திரும்பி வருவதற்கு உங்களுக்கே முன்னுரிமை என்று கூறி மக்களை வெளியேறச் செய்தனர். பெரும்பாலோர் சென்றனர். ஆனால் அரசாங்க வீடமைப்பு என்பதே கம்யூனிஸம் என்ற கூக்குரல் எழுந்தது. திட்டத்தின் முக்கிய அதிகாரியான பிராங்க் வில்கின்சன், தமது அரசியற் சார்பு பற்றிய கேள்விக்கு விடையளிக்க மறுத்தமையால் 1952இல் வேலையிழந்தார். பின்னர் சிறையும் சென்றார். 1953இல் தெரிவான புதிய மேயர் திட்டத்தைக் கைவிட்டார். அந்நிலம் நியூயோர்க்கிலிருந்து வந்த டொட்ஜர்ஸ் என்னும் பேஸ்போல் கழகத்துக்குப் போயிற்று. எஞ்சியிருந்த குடும்பங்களை 1959 மே மாதத்தில் பொலிசார் வீட்டிலிருந்து தூக்கிவந்து வெளியே விட்டனர். 1962இல் விளையாட்டரங்கு திறக்கப்பட்டது. 16,000 மோட்டார் வண்டிகள் நிற்பதற்கு அதனைச் சுற்றி இடம் விடப்பட்டது. மனிதருக்கு வீடு கட்டுவது கம்யூனிஸம். வண்டிக்கு இடங் கொடுப்பது முன்னேற்றம்.

பசிபிக் எலெக்ரிக்கின் கடைசிச் சேவை லோங் பீச் நகருக்கானது. அது வொட்ஸ் என்ற கறுப்பின மக்களின் பகுதியூடாக ஓடியது. அத்தண்டவாளத்தின் அருகேதான் சைமன் ரோடியா என்ற இத்தாலியத் தொழிலாளி 1921 முதல் 1954 வரை தனியொருவராக நின்று, இரும்புக் கம்பி, சீமெந்து, உடைந்த ஓடு, போத்தற்கண்ணாடி, கிளிஞ்சல் என்பவற்றைக் கொண்டு ஏறத்தாழ 100 அடி உயரக் கோபுரங்களை எழுப்பினார். அந்நகரத்துக்கு ஒரு நினைவுச்சின்னம் இல்லையென்போர் வண்டியிற் சென்ற பாதை வேறாயிருத்தல் வேண்டும். 1961 ஏப்ரலில் அச்சேவை நின்றது. நான்கு ஆண்டுகளின் பின், 1965 ஓகஸ்டில், வொட்ஸ் பகுதியிலே கிளர்ச்சி வெடித்து 34 பேர் மாண்டனர். மோட்டார் வண்டியொன்றைப் பொலிசார் வழிமறித்ததே அதன் தொடக்கம். அது பற்றி ஆராய்ந்த மக்கோன் ஆணைக்குழு, வேலைதேடிச் செல்லப் போதிய பஸ் வசதியில்லாமையையும் அம்மக்களின் குறைகளுள் ஒன்றாக எழுதியது.

இப்பொழுது ரேய்னர் பன்ஹாம் என்ற ஆங்கிலேயக் கட்டடக்கலை வரலாற்றாசிரியரிடம் வருவோம். எள்ளியோரிடமிருந்து இந்நகரை மீட்க முனைந்தவர் அவர். முன்னோர் தாந்தேயை மூலத்திற் படிப்பதற்காக இத்தாலியங் கற்றதுபோல, லொஸ் ஏஞ்சல்ஸை மூலத்திற் படிப்பதற்காகத் தாம் வண்டியோட்டக் கற்றதாக 1971இல் எழுதினார். அழகிய உவமைதான். ஆயின் இத்தாலியம் கற்க ஓர் அகராதி போதும். இந்த மொழியைக் கற்கவோ வண்டி வேண்டும், பெற்றோல் வேண்டும், காப்புறுதி வேண்டும். நகரத்தை எள்ளியவரும் போற்றியவரும் இருந்த இடம் ஒன்றே: வண்டியோட்டியின் ஆசனம். கண்ணாடிக்கு வெளியே தெரிந்ததை ஒருவர் வெறுத்தார், மற்றவர் இரசித்தார். பஸ் தரிப்பிலே நின்றவரை இருவருமே கேட்கவில்லை.

1965இன் குடிவரவுச் சட்டத்தின் பின்னர் அத்தரிப்பிலே நின்றோர் தொகை பெருகியது. மெக்சிக்கோ, எல் சல்வடோர், குவாத்தமாலா, கொரியா, பிலிப்பைன்ஸ், ஆர்மீனியா என உலகம் வந்து இறங்கியது. பரந்துகிடக்கும் நகரம் என்று நாம் எண்ணுவதே ஓரளவுதான் உண்மை. 2010ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி லொஸ் ஏஞ்சல்ஸ் நகரப்பிரதேசத்திலே சதுரமைலுக்கு ஏறத்தாழ 7,000 பேர். நியூயோர்க்கின் நகரப்பிரதேசத்திலோ ஏறத்தாழ 5,300 பேரே. புறநகர்களையும் சேர்த்துக் கணிக்கும்போது பெறப்படும் எண்கள் இவை. நெருக்கம் எங்கே ஒளிந்திருக்கிறது? 1987இல் அந்நகர்ப் பத்திரிகையொன்று, அம்மாவட்டத்தில் ஏறத்தாழ 200,000 பேர் மோட்டார் வண்டிக் கொட்டகைகளிலே குடியிருப்பதாக மதிப்பிட்டது. வண்டிக்குக் கட்டிய வீட்டிலே மனிதர் குடியேறினர். உலக நகரம் குடிபெயர்ந்தோரை ஈர்க்கும், வர்க்கப் பிளவை ஆழமாக்கும் என்று பிரீட்மனும் தம் கருதுகோளிற் கூறியிருந்தார்; அவரை மேற்கோள் காட்டும் நகரசபைகள் அப்பகுதியை விட்டுவிடுகின்றன.

1994இல் போக்குவரத்து அதிகாரசபை பஸ் கட்டணத்தை உயர்த்தவும் மாதச் சீட்டை நீக்கவும் முற்பட்டது. அதே வேளையிலே புறநகருக்கான புகையிரதப் பாதைக்குப் பெருந்தொகை ஒதுக்கியது. பஸ் பயணிகள் சங்கமாகத் திரண்டனர். நிறவேற்றுமை காட்டப்படுகிறது என்று வழக்குத் தொடுத்து, 1996இல் பத்தாண்டு செல்லுபடியாகும் உடன்படிக்கையொன்றைப் பெற்றனர். கட்டணம் கட்டுப்படுத்தப்பட்டது, புதிய வண்டிகள் வாங்கப்பட்டன. அச்சங்கம் ஆங்கிலம், ஸ்பானியம், கொரியம் ஆகிய மும்மொழிகளிலும் இயங்கியது. பிரசாரம் நடந்த இடம் ஓடும் பஸ் வண்டி. பட்டினப்பாலைப் புலவர் கண்ட கலத்தல் லொஸ் ஏஞ்சல்ஸில் உண்டா என்று கேட்டால், அந்த நெரிசல் மிக்க பஸ் வண்டியைத்தான் நான் சுட்டுவேன். புகையிரதத்தையே அச்சங்கத்தார் வெறுத்தனர் என்று சிலர் குறைகூறுவதுண்டு. 1990இல் திறக்கப்பட்ட முதற் புதிய பாதை, 1961இல் நின்ற அதே லோங் பீச் பாதையில் வொட்ஸ் ஊடாகவே செல்கிறது. அது ஏழைகளுக்கும் பயன்படுகிறது. ஆகவே இவ்விடயத்திலே அச்சங்கத்தின் நிலைப்பாடு முழுவதையும் நான் ஏற்கவில்லை.

நகரத்தின் மேற்கே வில்ஷயர் என்ற நெடுவீதி ஓடுகிறது. வண்டியோட்டியின் கண்ணுக்கென்றே 1920களிலே வடிவமைக்கப்பட்ட கடைத்தெரு அதன்மீது உண்டு. 1929இல் அவ்வீதியிலே கட்டப்பட்ட புல்லொக்ஸ் என்ற பெருங்கடைக்குப் பிரதான வாயில் பின்புறம், வண்டி நிறுத்துமிடத்தை நோக்கி அமைந்தது. வீதியில் நடந்துவருவோர் பொருட்படுத்தத்தக்கவரல்லர் என்பது கருத்து. 1993இல் கடை மூடப்பட்டது. பின்னர் அது சட்டக் கல்லூரியாயிற்று.

2005 டிசம்பரில் ஆவணமற்ற குடிவரவாளரைக் குற்றவாளிகளாக்கும் மசோதா அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையிலே நிறைவேறியது. 2006 மார்ச் 25இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகர மத்தியிலே ஏறத்தாழ 500,000 பேர் அதனை எதிர்த்து ஊர்வலஞ் சென்றனர். மே தினத்தன்று மீண்டும் இலட்சக்கணக்கானோர் வேலைக்குச் செல்லாது தெருவில் இறங்கினர். மாடிக் கட்டடங்களைத் துடைப்போரும், பிறர் பிள்ளைகளை வளர்ப்போரும், தையற்சாலைகளில் உழைப்போரும், மக்கார்தர் பூங்காவிலிருந்து வில்ஷயர் வீதி வழியே மேற்கு நோக்கி, புல்லொக்ஸ் கட்டடத்தின் வீதிப் பக்க வாயிலைக் கடந்து நடந்தனர். அன்று அவ்வீதியிலே மோட்டார் வண்டி ஓடவில்லை.

அடுத்த ஆண்டு மே தினத்திலே அதே பூங்காவிற் கூடியோர் மீது பொலிசார் குண்டாந்தடிகளையும் றப்பர்க் குண்டுகளையும் பிரயோகித்தனர். 2009இல் ஏறத்தாழ 13 மில்லியன் டொலர் நட்டஈடு கொடுத்து நகராட்சி அவ்வழக்கைத் தீர்த்துக்கொண்டது.